யாரோ நினைக்கிறார்கள்!

சாப்பிடும்போது புரையேறினால் நம் வீடுகளில் இரண்டு காரியம் உடனே நடக்கும். உச்சந்தலையில் ஒரு தட்டு. ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று ஒரு சமாதானம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பெரியப்பாவை யாரோ ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலைக் காபியில் ஒருமுறை, மத்தியானம் ரசம் சாதத்தில் நாலைந்து முறை, ராத்திரி மாத்திரை போடும்போது கட்டாயம் ஒருமுறை. “சிங்கப்பூர்ல இருக்கிற பெரியவன்தான்” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா தட்டுவார். சில நாள் அவனுக்கு போன் போட்டு, “அப்பாவை நினைச்சியாடா?” என்றும் கேட்பார்.

அப்புறம் புரையேறுவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. ‘தொண்டை சரியாயிட்டுது’ என்று எல்லோரும் நிம்மதியானோம். அதே மாதம் சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, நெஞ்சுச் சளி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளை பூத்திருந்தது. நிமோனியா.

பெரியப்பாவுக்கு பார்க்கின்சன் நோய் வந்து அப்போது ஏழு வருஷம். முப்பது வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். புட்போர்டில் தொங்குகிற கூட்டத்தை ஒற்றைக் குரலில் உள்ளே தள்ளிய ஆள். அந்தக் குரல் முதலில் போனது. பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் புரியும் என்றானது. பிறகு கையெழுத்து சுருங்கியது, நடை சுருங்கியது. இதையெல்லாம் கவனித்து டாக்டரிடம் சொன்னோம். சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது, சட்டைக் காலர் எப்போதும் ஈரமாக இருக்கிறது, சாப்பிட்டு முடித்ததும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளக்கிறது, ஒரு வருஷத்தில் வேட்டி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. இவற்றைச் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. விழுங்குவது ஒரு வியாதிக் குறியாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனுக்கு அது 1817-லேயே தோன்றியிருந்தது. நடுக்குவாதம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் ஆறே ஆறு நோயாளிகள்தான் வருகிறார்கள். அதிலேயே உணவு வாயில் தங்கிவிடுவதையும், விழுங்கச் சிரமப்படுவதையும், உமிழ்நீர் வழிவதையும் குறித்துவைத்திருக்கிறார். இருநூறு வருஷம் கழித்தும் நாம் நடுக்கத்தை மட்டுமே பார்க்கிறோம்.

கேட் கீப்பர் தாமதமாக வருகிறார்

விழுங்குவது நமக்கு வேலையாகவே தெரியாது. தூங்காத நேரத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை போல உமிழ்நீரை விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் ஒரு வாய் சோறு உள்ளே போக முப்பதுக்கு மேற்பட்ட தசைகளும் ஐந்து ஜோடி மண்டை நரம்புகளும் சேர்ந்து உழைக்க வேண்டும். நாக்கு கவளத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைக்கிறது. குரல்வளை மேலே ஏறி முன்னால் வருகிறது. குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. அந்த ஒரு நொடி மூச்சு நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. கவளம் இறங்கியதும் மூச்சு மீண்டும் வெளியே வருகிறது.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால், தொண்டை ஒரு லெவல் கிராசிங். முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். இரண்டுக்கும் ஒரே சந்திப்பு. சாப்பாடு வரும்போது மூச்சு வழிக்கு கேட் போட வேண்டும். பார்க்கின்சனில் கேட் உடைந்துபோவதில்லை. கேட் கீப்பர் மெதுவாக எழுந்து வருகிறார். சோறு கூட்ஸ் வண்டி மாதிரி, கொஞ்சம் காத்திருக்கும். தண்ணீர் எக்ஸ்பிரஸ். கேட் இறங்குவதற்குள் கடந்துவிடும்.

ஆக, நம் கணக்கு இங்கே தலைகீழாகிறது. நோயாளிக்கு எளிதானது எது என்றால் நாம் சொல்வது: தண்ணீர், கஞ்சித்தண்ணி, இளநீர், ரசம். விழுங்கச் சிரமப்படுகிற மூளைக்குக் கடினமானதும் அதே பட்டியல்தான்.

தவறிப்போய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதை வெளியே தள்ளத்தான் இருமல். அது காவல்காரன். நோய் முற்ற முற்றத் தொண்டையின் உணர்வும் மழுங்குகிறது. உள்ளே போனது காவல்காரனுக்கே தெரிவதில்லை. இருமாமல், முகம் சிவக்காமல், கண்ணில் நீர் வராமல் காபி நுரையீரலுக்குள் போகும். பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட கணக்கு இது: ‘விழுங்கச் சிரமமா?’ என்று கேட்டால் ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு 35 பேர். கருவி வைத்துச் சோதித்தால் சிரமம் தெரிந்தவர்கள் 82 பேர். இடையில் இருக்கிற நாற்பத்துச் சொச்சம் பேர்தான் ‘எனக்கு ஒண்ணுமில்லப்பா’ என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். இந்த நோயில் உயிரைக் கொண்டுபோவதில் முன்வரிசையில் நிற்பது நுரையீரலுக்குள் இப்படி இறங்கியதால் வருகிற நிமோனியா.

பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்த நரம்பியல் மருத்துவர், ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். “பேச்சுதான் போனது போகட்டும், இப்ப சாப்பாடுதானே பிரச்சினை?” என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி. திக்குவாய்க் குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித்தருபவர் என்றுதான் நமக்குப் பழக்கம். பேசுகிற நாக்கும் குரல்வளையும்தான் விழுங்குகிறவையும். அதனால் விழுங்குதலும் அவர்கள் இலாகா.

எக்ஸ்ரே வீடியோ எடுக்கிற அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். பேரியம் கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். திரையில் கறுப்பாக ஒரு திட்டு நாக்கின் மேல் நின்றது. நாக்கு முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடியது, ஐந்தாறு தடவை, தள்ளலாமா வேண்டாமா என்பதுபோல. பிறகு திட்டு நாக்கின் பின்பக்கம் வழிந்து தொண்டையில் ஒரு குழியில் தேங்கியது. குரல்வளை இன்னும் ஏறவில்லை. தேங்கியது நிரம்பி, கறுப்பாக ஒரு நூல் முன்பக்கம் நழுவி, குரல் நாண்களைத் தாண்டிக் கீழே இறங்கியது. மூச்சுக்குழாயின் சுவரில் மையிட்ட மாதிரி கோடு. பெரியப்பா அசையவில்லை. இருமவில்லை. தெரபிஸ்ட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “சரியாப் போச்சாம்மா?”

அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

டம்ளரும் தாடையும்

“வீட்டில எப்படித் தண்ணி குடிப்பீங்க, குடிச்சுக் காட்டுங்க” என்று தெரபிஸ்ட் ஒரு காலி டம்ளரைக் கொடுத்தார். பெரியப்பா நடுங்குகிற கையால் அதை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் அண்ணாந்தார். எழுபத்திரண்டு வருஷப் பழக்கம். எச்சில் படக் கூடாது.

எனக்குத் தெரிந்து விழுங்கும் சிரமம் பற்றிய வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது. நம் ஊர்த் தெரபிஸ்ட்டுகள்தான் கேட்பார்கள். அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் நாக்கின் கட்டுப்பாட்டில் இல்லை. நேராகத் தொண்டையில் விழுகிறது. கழுத்து பின்னால் சாய்வதால் மூச்சுவழியின் வாயும் விரிகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இது வித்தை. கேட் கீப்பர் தாமதமாக வருபவர்களுக்கு இது தண்டவாளத்தில் வண்டியை நிறுத்துவது.

வாய் வைத்துக் குடித்தாலும் டம்ளரில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் எவர்சில்வர் டம்ளர் உயரம், வாய் குறுகல். பாதிக்குக் கீழே போனதும் மூக்கு விளிம்பில் இடிக்கும். மிச்சத்தைக் குடிக்கத் தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். அகலமான கிண்ணத்திலோ, மூக்குக்கு இடம்விட்டு ஒருபக்கம் வெட்டிய கோப்பையிலோ கொடுத்தால் தலை நேராகவே இருக்கும். இல்லாவிட்டால் ஸ்பூன். பெரியப்பாவுக்குச் சொன்னது: முதுகு நிமிர்ந்து நாற்காலியில் உட்கார வேண்டும், கட்டிலில் சாய்ந்து வேண்டாம், விழுங்கும்போது தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும், ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டும், சாப்பிட்டு அரை மணிக்குப் படுக்கக் கூடாது. தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு அதுவே கெடுதல் செய்யும். அவருக்குப் பொருந்துகிறதா என்பதை அதே வீடியோவில் பார்த்துத்தான் சொன்னார்கள்.

இதையெல்லாம் மந்திரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெரி லோகமனும் அவருடைய சகாக்களும் டிமென்ஷியாவோ பார்க்கின்சனோ உள்ள 711 பேரை எக்ஸ்ரே வீடியோவில் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருமே தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறவர்கள். தாடையைத் தாழ்த்திக் குடித்தபோதும் 68 சதவீதம் பேருக்கு இறங்கியது. கொஞ்சம் கெட்டியாக்கிய திரவத்தில் 63. தேன் பதத்துக்குக் கெட்டியாக்கியபோது 53. எதுவும் பூஜ்யம் இல்லை. அவர்களில் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்ததில் நிமோனியா வருவதிலும் இந்த முறைகளுக்கிடையே தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கெட்டித் திரவம் குடித்தவர்களிடம் உடலில் நீர் வற்றிப்போவது மட்டும் கூடுதலாக இருந்தது. கூழ் மாதிரி தண்ணீரை யார்தான் ஆசையாகக் குடிப்பார்கள்?

சமையலறையில் ஒரு சிரிஞ்சு

‘கெட்டியா கொடுங்க’ என்றால் எவ்வளவு கெட்டி? பெரியம்மாவின் கெட்டிக்கும் வேலைக்கு வரும் அக்காவின் கெட்டிக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து திரவத்துக்கும் உணவுக்கும் 0 முதல் 7 வரை பதம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று பெயர். இதில் எனக்குப் பிடித்தது, சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம் என்பது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற 10 மில்லி சிரிஞ்சு போதும். ஒரே நிபந்தனை, 0 கோட்டிலிருந்து 10 வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே அளவு இல்லை. பிஸ்டனை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட்டு மறுபடி அடைக்க வேண்டும். ஒரு மில்லிகூட மிச்சமில்லை என்றால் அது வெறும் தண்ணீர் பதம், 0. ஒன்றிலிருந்து நாலு மில்லி நின்றால் 1. நாலிலிருந்து எட்டு நின்றால் 2. எட்டுக்கு மேல் நின்றால் 3. சொட்டே இறங்கவில்லை என்றால் 4, அது ஸ்பூனில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவும் நானும் அடுப்படியில் இதைச் செய்தோம். ரசம் மல்லித்தழை அடைத்து சிரிஞ்சிலேயே நின்றுவிட்டது, பெரியம்மா “பாத்தியா, எவ்வளவு கெட்டி!” என்றார். வடிகட்டி ஊற்றியதும் சர்ரென்று ஓடியது. நீர்மோரும் அப்படியே. கேழ்வரகுக் கூழ் சூடாக இருக்கும்போது ஒரு கணக்கு, ஆறியதும் வேறு கணக்கு. கரைத்த நேரத்தில் அளந்து பிரயோஜனமில்லை, அவர் வாய்க்குப் போகிற நேரத்தில் அளக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அரிசிக் கஞ்சியிடம் இன்னொரு துரோகம் உண்டு. ஒரே ஸ்பூனால் சாப்பிடச் சாப்பிட, கிண்ணத்தில் மிச்சமிருப்பது நீர்த்துப்போகும். எச்சில் பட்டால் கஞ்சி தண்ணியாகும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். உமிழ்நீரில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. கெட்டியாகக் கொடுத்தோம் என்று நாம் நினைக்க, அவர் வாயில் அது மெல்ல எக்ஸ்பிரஸாகிவிடுகிறது. சாந்தன் கோந்தில் செய்த கெட்டியாக்கும் பொடிகளை அமைலேஸ் தொடாது. விலைதான் கையைக் கடிக்கும். கஞ்சிதான் கொடுக்கப்போகிறோம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பது நல்லது.

சாப்பாட்டில் எது ஆபத்து என்று தெரபிஸ்ட் சொன்னபோது பெரியம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. முதல் குற்றவாளி ரசம் சாதம். காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நாம் கொடுக்கிற அதே ரசம் சாதம். வாயில் போட்டதும் ரசம் தனியாக ஓடிவிடுகிறது, பருக்கை தனியாக நிற்கிறது. நாக்கு பருக்கையை மெல்வதில் மும்முரமாக இருக்கும்போது ரசம் கேட்டுக்குப் போய்விடுகிறது. பாலில் ஊறிய கார்ன்பிளேக்ஸ், வழுக்கையோடு இளநீர், சாம்பாரில் மிதக்கிற இட்லி எல்லாம் இதே ஜாதி. இன்னொரு பக்கம் பொரி, முறுக்கு, அப்பளம், உதிரி உதிரியான பிரியாணிச் சோறு. இவை வாயெங்கும் சிதறும். களியும் அல்வாவும் ஒட்டும். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டைக் குழியில் போய் உட்காரும். பெரியப்பாவுக்கு ஒத்துவந்தது குழைய வடித்துக் கையால் மசித்த தயிர்சாதம், தாளிக்காமல். பருப்பும் நெய்யும் போட்டு ஒன்றுசேர்ந்த சோறு. கெட்டிக் குழம்பில் ஊறி, நீர் பிரியாமல் பிசைந்த இட்லி. கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினால் நசுங்க வேண்டும், விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பக் கூடாது. அதுதான் அளவு.

‘எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அடிச்சுக் குடுத்துடலாமே?’ பலர் கேட்கிறார்கள், பலர் செய்கிறார்கள். சாம்பாரும் பொரியலும் சோறும் ஒன்றாகி ஒரு காவி நிறக் குழம்பாகி வரும்போது எந்த மனுஷனுக்கும் பசி போய்விடும். தேவை வராதவரை அதைச் செய்யக் கூடாது. வந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்துத் தட்டில் தனித்தனியாக வைக்கலாமே. அடுப்படியில் ஐந்து நிமிஷம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

வாய் சுத்தம், கை யாருடையது

நுரையீரலைக் கெடுப்பது காபியா, காபியோடு போகிற கிருமியா? ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பராமரிப்பாளர்களே பல் துலக்கிவிட்டார்கள், மறுபாதிக்கு வழக்கம்போல. 1999-இல் வந்த முடிவு: வழக்கம்போல விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம். பல் தேய்த்ததற்கு இவ்வளவு பலன். வயசானவர்களுக்கு ராத்திரி பல் தேய்த்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் அபூர்வம். பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிறவர்கள் எத்தனை பேர்!

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஒரு மறுவாழ்வு மையம் 1984-இலிருந்து ஒரு துணிச்சலான முறையைக் கையாள்கிறது. கெட்டித் திரவம் மட்டும் குடிக்க வேண்டியவர்களுக்கும், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில், வாயை நன்றாகச் சுத்தம் செய்தபின், வெறும் தண்ணீர் கொடுக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் சிறிது உள்ளே போனால் நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். எச்சிலும் சோற்றுத் துணுக்கும் சேர்ந்து போனால்தான் வம்பு என்பது கணக்கு. இதை எல்லோருக்கும் செய்துவிட முடியாது, மருத்துவர் பார்த்துத்தான். ஆனால் ஒரு வாய் பச்சைத் தண்ணீருக்கு ஏங்குகிற மனுஷனுக்கு அது என்ன என்று அவரோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த விஷயம் பற்றிப் படித்ததில் என்னை உலுக்கியது வேறொன்று. விழுங்கும் சோதனையில் முன்னோடியான சூசன் லாங்மோரும் குழுவினரும் 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு இந்த நிமோனியா வருகிறது என்று 1998-இல் எழுதினார்கள். முன்கூட்டிச் சொல்லக்கூடிய அடையாளங்களில் முதலிடம் விழுங்கும் சிரமத்துக்கு இல்லை. பிறர் கையால் சாப்பிட வேண்டிய நிலைக்குத்தான்.

பிறர் கை என்றால் பெரியம்மாவின் கை. அன்பான கை. “இன்னும் ஒரே ஒரு வாய்”, “இதோட முடிஞ்சுது”, “வாயைத் திற”. முந்தின கவளம் கன்னத்தில் இருக்கும்போதே அடுத்தது வரும். நின்றுகொண்டே ஊட்டினால் அவர் தலையை நிமிர்த்தி அண்ணாந்து வாங்குவார். டி.வி. ஓடும். யாராவது வந்து, “எப்படியிருக்கீங்க?” என்பார்கள், மரியாதைக்காரர் பதில் சொல்லப் பார்ப்பார், வாயில் சோற்றோடு. ஊட்டுகிறவருக்கு அடுப்பில் பால் பொங்கும். தானாகச் சாப்பிடும் மனுஷன் எப்போது அடுத்த வாய் என்பதைத் தானே தீர்மானிக்கிறான்; அவன் மூச்சு அதற்கேற்ப ஒதுங்குகிறது. அந்த அதிகாரம் போனதுதான் ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

தெரபிஸ்ட் இரண்டு காரியம் சொன்னார். ஊட்டுகிறவர் உட்கார்ந்து, கண் மட்டத்துக்குக் கீழே ஸ்பூனைக் கொண்டுவர வேண்டும். முடிந்தவரை ஸ்பூன் அவர் கையிலேயே இருக்கட்டும். நாம் முழங்கையைத் தாங்கினால் போதும். தடித்த பிடியுள்ள, கனமான ஸ்பூன் நடுக்கத்துக்கு உதவும். பெரியப்பா மூன்றாவதாகத் தானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். முதல் வாய் விழுங்கி, இரண்டாவது முறை வெறுமனே விழுங்கி, ஆள்காட்டி விரலை மேசையில் இரண்டு தட்டு தட்டினார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கண்டக்டர் விசில் ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் ரைட்.

விசில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இருமலுக்கு பலம் சேர்க்க ஒரு பயிற்சி இருக்கிறது. சின்னக் குழாய், உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. போதுமான அழுத்தத்தில் ஊதினால்தான் திறக்கும். பார்க்கின்சன் உள்ள 60 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில், பாதிப் பேருக்கு உண்மையான குழாய், பாதிப் பேருக்கு ஸ்பிரிங் இல்லாத போலி. நாலு வாரத்தில் உண்மைக் குழாய்க்காரர்களுக்கு மூச்சுவழிக்குள் இறங்குவது குறைந்தது. தினம் இருபத்தைந்து ஊது, வாரத்தில் ஐந்து நாள். பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷ சர்வீஸ்.

மாத்திரையும் கடிகாரமும்

பார்க்கின்சனுக்கு ஆதாரமான மருந்து லீவோடோபா. நம் மருந்துக் கடைகளில் ‘சின்டோபா’ என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் கை கால் இளகுவது போல், சிலருக்குத் தொண்டையும் கொஞ்சம் இளகும்; எல்லோருக்கும் இல்லை, அதை மட்டும் நம்பவும் முடியாது. ஆனாலும் சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. பருப்பு, தயிர், முட்டை இவற்றின் புரதமும் லீவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்றாகப் போனால் நெரிசல். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மணிக்கணக்கில் கரைய வேண்டியது ஒரேயடியாக இறங்கும். மருத்துவரிடம் வேறு வடிவம் கேளுங்கள்.

இந்த லீவோடோபாவை நம் பூனைக்காலி விதையிலிருந்து சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர் 1937-இலேயே பிரித்தெடுத்துப் பிரசுரித்திருக்கிறார்கள். பார்க்கின்சனுக்கு அது மருந்தென்று உலகத்துக்குத் தெரிய அப்புறம் ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கிச் சாப்பிடக் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்பூனிலும் எவ்வளவு மருந்து இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எச்சில் வழிவது பற்றியும் ஒரு வார்த்தை. கூடுதலாகச் சுரந்து வழிவதில்லை. விழுங்க மறந்து தேங்கி வழிகிறது. நாம் ‘துடைச்சுக்கோங்க’ என்போம். ‘விழுங்குங்க’ என்று நினைவூட்டுவதுதான் உதவி. ரொம்ப மோசமானால் உமிழ்நீர்ச் சுரப்பியில் போட்டாக்ஸ் ஊசி போடுகிறார்கள்.

பார்க்கின்சன் ஒன்றுக்குத்தான் இதெல்லாம் என்றில்லை. ஏ.எல்.எஸ். என்கிற இயக்க நரம்பு நோயில் நாக்கே மெலிந்து சோர்கிறது. சாப்பாட்டின் பாதியிலேயே களைத்துவிடுவார்கள். ஹன்டிங்டன் நோயில் அடக்க முடியாத அவசரம், வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். பி.எஸ்.பி. என்ற நோயில் கண் கீழ்நோக்கிப் போகாது. தட்டில் இருப்பதே தெரியாது, தட்டை உயர்த்தி வைக்க வேண்டும். நோய்க்குத் தக்க வழி மாறும்.

எந்த நோயானாலும், திடீரென்று அடைத்துக்கொண்டால்? இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் கொடுக்கவே வேண்டாம். சத்தமே வரவில்லை, மூச்சு இல்லை, கழுத்தைப் பிடிக்கிறார் என்றால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து அறை, போகவில்லையென்றால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து இழுப்பு, மாற்றி மாற்றி. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

குழாய் என்ற பேச்சு

போன தீபாவளிக்கு மறுவாரம் அந்தப் பேச்சு வந்தது. எடை மறுபடி குறைந்திருந்தது. வயிற்றில் சின்னத் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாக இதை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதலில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். மூக்கு வழியாக விடுகிற குழாயைவிட மாசக்கணக்கில் வசதி. சத்தும் மருந்தும் நேரத்துக்குப் போகும்.

சொல்லாமல் விடப்படுவது, குழாய் வைத்தாலும் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது நிற்காது என்பது. இரைப்பையிலிருந்து மேலேறி வருவதும் உண்டு. ஏ.எல்.எஸ். நோயில் மூச்சின் பலம் பாதிக்குக் கீழே போவதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்கிறார்கள், பிறகு அறுவையே ஆபத்து. டிமென்ஷியா முற்றியவர்களுக்குக் குழாயால் ஆயுளும் கூடுவதில்லை, நிமோனியாவும் குறைவதில்லை என்பதால் பரிந்துரைப்பதில்லை. பார்க்கின்சனில் ஒவ்வொருவர் கணக்கும் தனி. யாருக்காக வைக்கிறோம்? ‘பட்டினி போட்டுட்டோம்’ என்ற பழி நமக்கு வரக் கூடாதே என்றா, அவருக்காகவா? இந்தக் கேள்வியை அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரிடமே கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டோம். சிங்கப்பூர்க்காரன் வீடியோ காலில் இருந்தான்.

பெரியப்பா நீண்ட நேரம் பேசவில்லை. முகத்தில் எதுவும் தெரியாது. இந்த நோயில் முகமும் இறுகிவிடும். பிறகு கேட்டார், “காபி?”

குழாய் வைத்தாலும் வாய்க்கு ருசியாகக் கொஞ்சம் கொடுக்கலாம், பாதுகாப்பாக, அளவோடு என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அதைச் சொன்னோம். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், எடை இப்போதைக்கு நின்ற இடத்தில் நிற்கிறது.

காலையில் பல் தேய்த்தபிறகு, மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் காபி குடிக்கிறார். பொடி கலந்து பாயசப் பதத்துக்குக் கெட்டியாக்கிய டிகாஷன் காபி, டபராவில், ஸ்பூனோடு. முதல் நாள் வாயில் வைத்ததும் பெரியம்மாவிடம் அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. இப்போது பழகிவிட்டது. ஆறு ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் தாடை தாழ்கிறது, தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறது, மறுபடி ஒருமுறை ஏறி இறங்குகிறது. பெரியம்மா ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். டபரா விளிம்பில் விரல் இரண்டு தடவை தட்டுகிறது.

ரைட்.